சட்டிக்குப் பிறந்த சொல்

யோகராஜுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. ஒரு சொல் கையில் அகப்பட்டுவிட்டால், அதன் தாய் தகப்பன் யார், கூடப்பிறந்ததுகள் எந்தெந்த நாட்டில் குடியிருக்கின்றன, எந்த வீட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடி வந்தது என்றெல்லாம் விசாரிக்காமல் கீழே வைக்க மாட்டான். பெண் பார்க்கப் போன இடங்களில் இதில் கால்வாசி விசாரித்திருந்தால் எப்போதோ கலியாணம் முடிந்திருக்கும் என்பாள் தங்கை ரதி. நாற்பத்தாறு வயதாகியும் முடியவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடிதான் அவன் வீடு. முன்னால் வகுப்பறை, பின்னால் ஒரு கட்டிலும் அடுப்பும்.

வகுப்பறையில் அவன் படிப்பிப்பது பிரெஞ்சு. பாரிசில் இருக்கும் கணவனிடம் போகக் காத்திருக்கும் இளம் பெண்களும், பிள்ளைகளோடு போய் இருக்கப் போகிற தாய்மாரும்தான் அவனிடம் வருவார்கள். அவர்களுக்கு வேண்டியதெல்லாம் பேர் என்ன, எங்கே குடியிருக்கிறீர்கள், எந்தப் பேக்கரியில் பாண் வாங்கலாம் என்கிற அளவுதான். யோகராஜ் அதையும் கொடுப்பான், அதற்கு மேல் கேட்காத பாரத்தையும் தூக்கித் தலையில் வைப்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை உடம்பின் உறுப்புகள் பற்றிய பாடம். கரும்பலகையில் அவன் ஒரு மண்சட்டியை வரைந்தான். அதன் கீழே 'தெத்' என்று எழுதினான். தலை.

"சேர், நாங்கள் தலையக் கேட்டா நீங்கள் சட்டியக் கீறி வச்சிருக்கிறீங்கள். விடியச் சாப்பிடேல்லையோ?" என்றாள் பிறிஜெற். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிறவள். அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மகளின் பிரசவத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிற யோசனையில் படிக்கிறாள்.

"சாப்பிட்டுட்டேன் அக்கா. சட்டிதான் தலை" என்றான் யோகராஜ். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. இதற்காகவே அவன் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தப் பாடத்தை ஆசையோடு வைத்திருப்பான்.

ரோமாபுரிக்காரர்களிடம் தலைக்கு நல்லதொரு சொல் இருந்தது, 'காபுத்' என்று. ஆனால் தெருவில் நின்றவர்கள் பகிடிக்காகத் தலையை 'தெஸ்தா' என்றார்கள். தெஸ்தா என்றால் சுட்ட மண்சட்டி. கூரையில் அடுக்குகிற ஓடும் தெஸ்தாதான். உடைந்த சட்டித் துண்டு, ஆமையின் முதுகு, எல்லாம் அதுவேதான். தமிழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை என்றான் யோகராஜ். கூரைக்கும் ஓடு, ஆமைக்கும் ஓடு, முட்டைக்கும் ஓடு, மண்டைக்கும் ஓடு என்று நாமும்தானே சொல்கிறோம். இரண்டும் சொந்தமில்லை, ஒரு இரத்தமில்லை. ஆனால் எங்கோ இரண்டு பேர் ஒரே மாதிரிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மரியாதையான காபுத், பிரெஞ்சில் 'ஷெஃப்' என்று உருமாறித் தலைவனாகி மேலே போய்விட்டது. பகிடிச் சொல் இறங்கி வந்து எல்லார் கழுத்திலும் ஏறிக்கொண்டது. தெஸ்தா தேய்ந்து தெத் ஆனது. இத்தாலியில் அது இன்றைக்கும் தெஸ்தாதான், தலைதான். போர்த்துக்கல்லில் சுருங்கி நெற்றியாகிவிட்டது. ருமேனியாவில் மண்டையோடு. ஸ்பெயினில் மட்டும் அது வீட்டை விட்டுப் போகவே இல்லை. அங்கே 'தியெஸ்தோ' என்றால் இன்னும் பூச்சட்டி.

"இங்கிலீசில இருக்கோ சேர்?" என்று கேட்டாள் பின்வாங்கில் இருந்த டிலக்ஷி.

"இருக்கு. தட்டாமாருங்க பொன்னப் போட்டு உருக்கிப் பார்க்கிற சின்ன மண்சட்டி ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு அந்தக் காலத்தில 'டெஸ்ட்'னு பேரு. நீங்க வைகாசியில எழுதப் போற டெஸ்டும் அதே சட்டிதான். போட்டு உருக்குவாங்க. பொன்னா பித்தளையான்னு தெரிஞ்சிரும்."

பரீட்சையின் பேரைக் கேட்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. யோகராஜுக்கு அதுவும் பிடிக்கும்.

இந்தப் பாடத்தில் அவன் யாருக்கும் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அது அவன் தகப்பன் இராமரைப் பற்றியது. ஹட்டன் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் கொழும்புக்கு வந்த இராமர், புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் நாற்பது வருடம் நாட்டாமி. லொறியிலிருந்து வெங்காயமும் பருப்பும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக இறக்கிக் கடைக்குள் கொண்டுபோய் அடுக்குகிற வேலை. மற்றவர்கள் முதுகில் தூக்குவார்கள், வண்டியில் தள்ளுவார்கள். இராமருக்குத் தலைதான். பழைய சிவப்புச் சாரத்தைக் கிழித்துச் சும்மாடாகச் சுருட்டி உச்சியில் வைத்து, மூட்டையை ஏற்றிக்கொண்டால் கைகள் இரண்டையும் வீசிக்கொண்டு நடப்பார். அவர் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் முளைப்பதை விட்டுவிட்டது. அந்த இடம் தட்டையாக, மினுக்கமாக இருக்கும். சின்ன வயதில் ரதி அவர் மடியில் ஏறி நின்று அதைத் தடவிப் பார்ப்பாள்.

மகனைத் திட்டுவதற்கு அவரிடம் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. பள்ளிக்கூட அறிக்கை வந்தாலும், மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பினாலும் அதுதான். "உம் மண்டையில களிமண்ணுதான்டா இருக்கு." அடி கூட மறந்துபோகும், அந்தச் சொல் யோகராஜுக்கு மறக்கவில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படிக்கப் போன முதல் வருடம், தெத் என்ற சொல்லின் கதையைக் கேட்ட அன்றைக்கு, அவன் பஸ்ஸில் நின்றுகொண்டே கொட்டாஞ்சேனை வீடு வரைக்கும் வந்தான். கையில் ஆயுதம் கிடைத்த மாதிரி இருந்தது.

"அப்பா, பிரெஞ்சுக்காரனுக்குத் தலைன்னாலே களிமண் சட்டிதான். எல்லாருக்கும் களிமண்ணுதான்" என்றான்.

இராமர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை வீட்டில் யாரும் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அப்ப நான் சொன்னது பொய்யில்லையே? களிமண்ணுன்னா என்ன கேவலமாடா? சுடாட்டி சேறு. சுட்டா சட்டி. உன்னையச் சுடத்தான்டா நான் மூட்ட தூக்குறேன்."

யோகராஜ் கொண்டுவந்த ஆயுதம் அன்றைக்கு அவர் கைக்கு மாறிவிட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பகுதியை வகுப்பில் சொல்வதில்லை.

பத்தரை மணியளவில், மூக்கு, வாய், காது என்று பாடம் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது ரதியிடமிருந்து தொலைபேசி வந்தது. அவள் ஜெம்பட்டா வீதிப் பக்கத்தில் ஒரு பாமசியில் வேலை செய்பவள். தகப்பனோடு இருந்து அவரைப் பார்ப்பவளும் அவள்தான்.

"அண்ணே, அப்பா பாத்ரூம்ல விழுந்துட்டாரு. பேச்சு வரல. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். வா."

அவன் கையிலிருந்த சோக்கட்டியை வைத்தானா, வகுப்புக்கு என்ன சொன்னான், ஓட்டோவுக்கு எப்படிக் கை காட்டினான், ஒன்றும் நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் தரை சுட்ட பிறகுதான் காலைப் பார்த்தான். செருப்பு வகுப்பறை வாசலிலேயே கிடந்திருக்க வேண்டும்.

இராமர் கட்டிலில் தூங்குகிறவரைப் போலக் கிடந்தார். குறட்டை மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. வெளியே காயமே இல்லை. ரதி அவர் அடையாள அட்டையையும் மருந்துக் கொப்பியையும் எடுத்துவரக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. போகும்போது தமையனின் கையைப் பிடித்தாள்.

"மண்டையில கை வைக்க விட்றாத அண்ணே. ஞாபகம் இருக்குல்ல?"

"போயிட்டு வா" என்றான். ஞாபகம் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்பு நடந்தது அது. இராமரோடு முப்பது வருடம் மூட்டை தூக்கிய அலவி லொறியிலிருந்து விழுந்து தலையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். இராமர் மாளிகாவத்தைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அலவி கூட்டாளியையும் தெரியாமல், மனைவியையும் தெரியாமல், கொடுத்த பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாராம். "அலவியத் தொறந்து பார்த்தானுங்க. பாதி ஆளத்தான் உள்ள வச்சு மூடியிருக்கானுங்க" என்றார் இராமர். பிறகு ரதியின் வலது கையை எடுத்துத் தன் உச்சியில், அந்தத் தட்டையான இடத்தில் வைத்து அழுத்தினார். "சட்டி ஒடஞ்சா ஒட்ட வைக்க ஏலாது. எனக்கு என்ன வந்தாலும் எம் மண்டையில ஒருத்தனும் கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." ரதி பண்ணினாள். தலையில் கை வைத்துச் செய்த சத்தியம். அதை மீறினால் அந்தத் தலைக்கே ஆகாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும்.

யோகராஜ் அன்று வாசற்படியில் நின்றான். அவன் கையை அவர் கேட்கவில்லை. படித்தவன், நாளைக்கு வேறு கதை கதைப்பான் என்று நினைத்திருப்பார். அவனுக்கு அது கொஞ்சம் சுட்டது.

ஒன்றரை மணியளவில் டொக்டர் நிம்றா வந்தார். முக்காட்டுக்கு மேல் பச்சைத் தொப்பி போட்டிருந்த சிறிய உருவம். குரல் நிதானமானது.

"நீங்கதான் மகனா? ஸ்கேன்ல தெளிவா விளங்குது. மண்டையோட்டுக்குக் கீழ ரத்தம் தேங்கி மூளைய அமுக்கிட்டு இருக்கு. இடப் பக்கம் ரெண்டு சின்ன ஓட்ட போட்டு அத வெளிய விடணும்."

"செய்யாட்டி?"

"ரெண்டு நாள், மூணு நாள். தூக்கத்துலயே போயிருவார்."

"செஞ்சா?"

"எழுபத்தொம்பது வயசு. நான் வாக்குத் தர மாட்டேன். ஆனா இடம் இருக்கு. உள்ள இருக்கிறது வெளிய போனா, ஆள் திரும்பி வர இடம் இருக்கு."

"தங்கச்சி வந்துக்கிட்டு இருக்கா டொக்டர். ஒரு அரை மணித்தியாலம்..."

"தியேட்டர் இப்ப ஃப்ரீ. இன்னொரு கேஸ் உள்ள போயிட்டா பின்னேரம் ஆகும். அதுக்குள்ள எப்படி இருப்பார்னு எனக்குச் சொல்ல ஏலாது."

தொலைபேசி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. ரதி அப்போது பஸ்ஸில் இருந்திருப்பாள். ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவனால் கையெழுத்துப் போட முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் அவன் அழைக்கவில்லை. இதில் நல்லெண்ணம் எவ்வளவு, கோழைத்தனம் எவ்வளவு என்று பிறகு பல நாள் யோசித்தும் அவனால் பிரிக்க முடியவில்லை. தாதி நீட்டிய படிவம் சிங்களத்தில் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'புத்தா', மகன், என்று அவளே எழுதிக்கொண்டாள். அவன் கீழே கையெழுத்துப் போட்டான்.

ரதி பையோடு வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது.

"அப்பா எங்க?"

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்காமல், டொக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னான். ரதி பையைக் கட்டிலில் வைத்தாள். தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

"இப்ப நான் இந்தக் கைய என்ன செய்யட்டும்?" என்றாள்.

மறுநாள் இராமர் கண்ணைத் திறந்தார். தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டு. அண்ணனும் தங்கையும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவர் கையைத் தூக்கி மெதுவாகக் கட்டைத் தடவிப் பார்த்தார். உச்சியில் விரல் நின்றது.

"சும்மாடு ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

ரதி அவர் கையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"பரவாயில்ல. ஏத்து" என்றார், யாரோ லொறியின் மேல் நிற்பதைப் போல மேலே பார்த்து. "நிண்டா கழுத்து நோகும். ஏத்திவுடு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நெஞ்சில் சளி கட்டியது. சனிக்கிழமை காலை வார்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் உயிர் போனது. சளிதான் காரணம், வயதும் ஒரு காரணம், சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது என்று டொக்டர் நிம்றா அவன் தோளளவு கூட இல்லாத உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துச் சொன்னார். அவன் நம்பினான். ரதி கேட்டுவிட்டுத் தமையனிடம் திரும்பினாள்.

"அவரு தலைய ஒடச்சது நீ" என்றாள். "எங் கைய வச்சு ஒடச்சே."

அத்தோடு அவள் அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த வீட்டின் முன்னறை ஒரு பெட்டி வைத்தால் நிறைந்துவிடும் அளவு. ஞாயிற்றுக்கிழமை அதில் இராமர் படுத்திருந்தார். தலையில் இருந்த கட்டை மறைத்து யாரோ தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்றார்கள். யோகராஜுக்கு அந்தத் தலைப்பாகைக்குக் கீழே இடப் பக்கத்தில் இரண்டு இடங்கள் மட்டும்தான் தெரிந்தன. அவன் வாழ்க்கை முழுவதும் சொற்களைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தவன். தெஸ்தா, சட்டி, ஓடு என்று முப்பது பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சொன்னது அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான். அன்று மத்தியானம் அவன் கையெழுத்தில் ஒரு சட்டியைத் துளைத்தார்கள். அவனுக்குத் தன் வாய் மீதே அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பிறிஜெற் வந்தாள். கையில் ஒரு கடதாசிப் பை. நேரே ரதியிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். யோகராஜ் கதவருகில் நின்றதால் அவள் சொன்னது அவனுக்கும் கேட்டது.

"பிள்ளை, இது உங்கட அண்ணாவின்ர. நீங்கள் போன் எடுத்த உடன செருப்பும் போடாமல் ஓடினவர். நாங்கள் ஜன்னலால கூப்பிடக் கூப்பிட, வெறுங்காலோட காலி வீதிக்குக் குறுக்கால பாய்ஞ்சவர். ஒரு பஸ் மட்டுமட்டாத்தான் நிண்டது. அண்டு முழுக்க எங்களுக்கு நெஞ்சு படபடத்தது."

ரதி பையைத் திறந்து பார்த்தாள். பழைய தோற்செருப்பு, இடது வார் தைத்தது. அவள் அதைத் தன் கதிரைக்குக் கீழே வைத்தாள். தமையன் பக்கம் பார்க்கவில்லை.

பிரேதம் எடுத்தபோது பெண்கள் வழக்கப்படி சந்தியோடு நின்றார்கள். ரதி நிற்கவில்லை. வாகனத்தின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "பொம்பளப் புள்ள மயானத்துக்கு வரப்படாதும்மா" என்று ஒரு பெரியவர் சொன்னார். "அவரு முகத்துல தண்ணி ஊத்துனதும் மலஞ்சலம் அள்ளுனதும் நானு. வரப்படாதா?" என்றாள். பெரியவர் வாகனத்தின் கதவைச் சாத்திவிட்டார்.

மாதம்பிட்டி மயானத்தில், தகனசாலைக்கு முன்னால் இருக்கும் சீமெந்து மேடையில் பெட்டியை இறக்கினார்கள். செத்த வீட்டுக் காரியங்களை முன்னின்று செய்கிற சாந்தகுமார், புது மண்குடத்தில் தண்ணீர் நிறைத்து யோகராஜின் இடது தோளில் ஏற்றினார். ஈரக் களிமண்ணின் மணம் அவன் மூக்குக்குள் ஏறியது.

"இடப் பக்கமா மூணு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் நான் ஒரு ஓட்ட போடுவேன். நீங்க நிக்காம நடங்க. கடைசியா முதுகக் காட்டி நிண்டு பின்னுக்கு விட்டுரணும். விட்ட பொறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, விளங்குச்சா?"

அவனுக்கு வழக்கம் தெரியும். ஆனாலும் முழுவதையும் யாரோ புதிதாகச் சொல்வதைப் போலக் கேட்டான்.

முதல் சுற்று. சாந்தகுமார் பின்னாலிருந்து கத்தியின் முனையால் குடத்தில் கொத்தினார். 'டொக்' என்று ஒரு சத்தம். அது காதுக்கு மிகப் பக்கத்தில், அவன் மண்டைக்குள்ளேயே கேட்டது. தண்ணீர் முதுகில் வழிந்தது.

இரண்டாம் சுற்று. மறுபடியும் அந்தச் சத்தம். ரெண்டு சின்ன ஓட்டை என்றார் டொக்டர். சும்மாடு ஏன் ஈரமா இருக்கு என்றார் அப்பா. தண்ணீர் தோளிலிருந்து மார்புக்கு இறங்கி வேட்டியை நனைத்தது. அவன் நடந்தான். தன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தான், அதைத் தவிர அவனால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் சுற்றில் சாந்தகுமார் கத்தியை ஓங்கியபோது யோகராஜ் நின்றுவிட்டான். குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"போதும்" என்றான்.

"என்ன தம்பி?"

"ரெண்டு போதும். இனி வேணாம். ரெண்டு போட்டாச்சு."

"மூணு போடணும் தம்பி. அதான் முறை."

"வேணாம்னு சொன்னாரு!" என்று யோகராஜ் கத்தினான். "எம் மண்டையில கை வைக்காதீங்கன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல. போதும், விட்டுருங்க." குடம் நழுவிவிடுமோ என்று அதை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பெரிய மனிதன், நாலு மொழி தெரிந்தவன், நடு மயானத்தில் குழந்தையைப் போல அழுதான். சுற்றி நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு துளையிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. குடம் காலியாகிவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று யாரோ முணுமுணுத்தார்.

ரதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சாந்தகுமாருக்கு முன்னால் கையை நீட்டினாள். வலது கை.

"கத்தியத் தாங்க."

"அம்மா, அது ஆம்பளைங்க..."

"தாங்கண்ணே."

அவர் கொடுத்துவிட்டார். அவள் தமையனுக்குப் பின்னால் வந்து நின்றாள். இடது கையைக் குடத்தின் மேல் வைத்தாள். சின்ன வயதில் தகப்பனின் உச்சியைத் தடவியதைப் போல ஒரு தரம் தடவினாள். பிறகு கத்தியைத் திருப்பி, முனையால் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். மூன்றாவது துளையிலிருந்து வந்த தண்ணீர் அவள் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது.

"இது நான் போட்டது" என்றாள் அவன் காதருகில். ஆஸ்பத்திரியில் சொன்னதற்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு. "இனி நீ மட்டும் இல்ல. நானும்தான். உள்ள இருக்கிறது போகட்டும் அண்ணே. நட."

அவன் நடந்தான். மூன்றாம் சுற்று முடிந்ததும் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்றான். நாற்பது வருடம் தலையில் நின்ற மூட்டைகளை அப்பா எப்படி இறக்கியிருப்பார் என்று நினைத்தான். சத்தமில்லாமல், தோளைச் சாய்த்து, ஒரே விடுதலாக விடுவார். அவனும் தோளைச் சாய்த்தான்.

குடம் பின்னால் விழுந்தது.

உடைந்த சட்டித் துண்டுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது. அதுவும் தெஸ்தாவின் வீட்டில் பிறந்ததுதான். யோகராஜ் அதை எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறான். அந்த நேரத்தில் அதுவும் வரவில்லை, வேறு எந்த மொழியிலும் எந்தச் சொல்லும் வரவில்லை. அவன் கண்ணுக்கு முன்னால் மயானத்து மதிலும், அதற்கு அப்பால் ஒரு வீட்டின் கூரையும்தான் இருந்தன.

"ஒடஞ்சிருச்சா?" என்று கேட்டான்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற விதி கொள்ளி வைப்பவனுக்குத்தான். ரதி அவன் தோளைப் பிடித்துக்கொண்டே திரும்பி, அவனுக்காகக் கீழே கிடந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒடஞ்சிருச்சு அண்ணே" என்றாள். "நீ திரும்பாத. நான் பார்த்துக்கிறேன்."